சாவி என் பையை விட்டு வெளியே வரவில்லை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கடைக்கு ஃபோன் அடிப்பவர்கள் யாரும் வணக்கம் சொல்வதில்லை. "அக்கா, சாவி உள்ளே!" என்பார்கள். எங்கே நிற்கிறார்கள், என்ன கார், பழசா புதுசா என்பதையெல்லாம் நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாங்க வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் நடத்துவது நடுவழியில் நின்றுபோன கார்களுக்கு உதவும் தொழில். பேட்டரி, டயர் எல்லாம் அவர் பொறுப்பு. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது என் பொறுப்பு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருத்தர் மெதுவாகப் பக்கத்தில் வந்து காதைக் கடிப்பார். பட்டுப்புடவையோடு கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருப்பதுதான் எனக்கு வாய்த்த விருந்து.

ஆகவே திருப்பூருக்குக் கிளம்பியபோது சாமான் பையை வீட்டிலேயே விட்டேன். இந்தப் பயணத்தில் எவன் கார்க் கதவையும் தொடமாட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான், நான் எதையாவது சபதம் போட்டால் முதலில் சிரித்துவிடுவார்.

போன காரியம் இதுதான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் பெண்கள் சேர்ந்து ஓர் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறோம். நான் உறுமி வாசிப்பேன். போன தைப்பூசத்துக்கு உள்ளூரிலேயே ஜெர்சி அடித்தோம். ஊர்வலம் பாதி தூரம் போவதற்குள் வேர்வையில் முதுகுப் படம் உரிய ஆரம்பித்தது. கோயிலை அடைந்தபோது எங்கள் முதுகில் இருந்த மயில்களுக்கெல்லாம் தோகை போய், வரிசையாகக் கோழிகள் நின்றன. அந்த அவமானம் போதும், இந்த முறை துணி பிறக்கும் ஊருக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்து வாங்கிவருவது என்று குழு முடிவெடுத்து, வாய் பெரிதாக இருக்கிறது என்பதற்காக என்னை அனுப்பியது.

எங்களுக்குத் தைத்துத்தர ஒத்துக்கொண்டவர் பெயர் குமரேசன். முப்பத்தைந்தைத் தாண்டியவர். சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம், தோட்டம் துரவு உண்டு. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. அங்கே பனியன் தைக்கிறார்களா என்று கேட்கக்கூடாது. தையல் மெஷின் நாலு ஓடினால் அந்த ஊரில் அது பனியன் கம்பெனிதான்.

காலையில் லாட்ஜ் வாசலில் பெட்டியோடு நின்றிருந்தேன். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. நெற்றி நிறையத் திருநீறும் சட்டைப் பையில் அளவு டேப்புமாக குமரேசன் எட்டிப்பார்த்தார். நான் பெட்டியைத் தூக்குவதைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஐயோ, நீங்க தூக்காதீங்க, நீங்க தூக்காதீங்க!" என்றபடி இன்ஜினை ஓடவிட்டுவிட்டுக் குதித்து இறங்கி ஓடிவந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அதற்கு ஒரு நொடி முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இறங்கும்போதே விரலால் பூட்டை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிற பழக்கம் சிலருக்கு உண்டு. சாவி கையில் இருக்கிறதா இல்லையா என்று அந்த விரல் யோசிக்காது.

குமரேசன் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, பின்கதவைத் திறக்கப் போய், திறக்காமல், முன்கதவைத் திறக்கப் போய், அதுவும் திறக்காமல், அப்படியே நின்றார். "மறுக்காவா..." என்று, இது முதல் தடவை இல்லை என்பது போல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வேற சாவி இருக்கா?" என்றேன்.

"இருக்குதுங்க. பத்திரமா இருக்குதுங்க."

"எங்க?"

"கார்லதானுங்க, டேஷ்போர்டுக்குள்ளார. தொலஞ்சு போயிறக்கூடாதுன்னு அங்கயே வெச்சிருக்கறனுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி அவர் தலையிலேயே வைத்திருப்பேன். உள்ளே ஆளில்லாத சீட்டுக்கு ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நான் வெயிலில் நின்றேன். ஊருக்கு வந்து இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் சபதம் போச்சு.

"ஒரு கம்பி ஹேங்கர் கொண்டாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஹேங்கருக்கா பஞ்சம்! திருப்பூருங்க இது!" பக்கத்துக் கம்பெனிக்கு ஓடி ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினார். வெள்ளை, கறுப்பு, குழந்தை அளவு, எல்லாமே பிளாஸ்டிக். கொக்கி மட்டும் இரும்பு, அதுவும் சுண்டுவிரல் நீளம். வெளிநாட்டு வியாபாரிகள் கம்பி ஹேங்கர் வாங்குவதில்லையாம். உலகத்துக்கே துணி மாட்டி அனுப்பும் ஊரில், நான் கேட்ட சாமான் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் எதிர் டீக்கடை மாஸ்டர்தான் பாய்லர் கங்குகளைக் கிளறும் கம்பியோடு வந்தார். முறுக்கிய மீசை, கட்டிய லுங்கி, மேலே இளஞ்சிவப்பு டி-சர்ட். அதில் 'நான் கல்யாணப் பெண்ணின் தோழி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கப்பலேறாமல் கழித்துக்கட்டிய துணி போலும். அந்த ஊரில் யாரும் சட்டையைப் படிப்பதில்லை, போட்டுக்கொள்கிறார்கள். தோழி கம்பியைப் பிடித்துக்கொள்ள, குமரேசன் டீக்கடையின் இரண்டு மரக்கரண்டிகளை இடுக்கில் சொருகிக் கதவை நெம்பிக்கொடுக்க, நான் கம்பியை விட்டுப் பூட்டைத் தூக்கினேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கிள்ளானில் எவனும் கை தட்டமாட்டான். ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்பான்.

"அந்த ரெண்டாவது சாவியை இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்க" என்று அதட்டினேன்.

"வெச்சுர்றேனுங்க" என்றார் பயந்த குழந்தை போல.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். இவ்வளவுதானா என்று நினைத்தேன். மூன்றாவது முறை போட்டுக்கொண்டபோது அந்த நினைப்பை வாபஸ் வாங்கினேன். குமரேசனின் அம்மா பக்கத்திலேயே நின்று பரிமாறினார். மகன் கை கழுவப் போன நேரம் பார்த்து என் காதருகே குனிந்தார். எனக்குத் தெரியும், காருக்குத்தான் அடிபோடுகிறார் என்று.

"அம்மிணி, இவனுக்குப் பொண்ணு அமையறதில்லீங்க" என்றார்.

விஷயம் இதுதான். போன வருஷம் தாராபுரம் பக்கம் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். அங்கே இறங்குகிற அவசரத்தில், பெரியவர்களுக்குக் கதவு திறந்துவிடவேண்டும் என்று குமரேசன் குதித்து ஓடியதில் சாவி உள்ளே. பெண் பார்த்து முடிந்து கிளம்ப முடியவில்லை. மெக்கானிக் வருகிறார், வருகிறார் என்று காத்திருந்து பெண் வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு, அப்புறம் சாயங்காலப் பலகாரம். மறுநாள் தகவல் வந்தது. பையன் நல்ல பையன்தான், ஆனால் ஒரு சாவியைக் காப்பாற்றத் தெரியாதவன் எங்கள் பெண்ணை எப்படிக் காப்பாற்றுவான் என்று. அதற்கப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குமரேசனுக்குச் சாவிக்காரப் பையன் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் தெரிந்த வீடுகளெல்லாம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

"வர்ற புதன்கிழம அவிநாசிபாளையத்துல ஒரு எடம் பாக்கப் போறமுங்க. அவங்களுக்கு இந்தக் கத தெரியாது. புள்ள போட்டாவப் பாத்ததுல இருந்து இவன் சோறே ஒழுங்கா திங்கறதில்ல. இது மட்டும் தவறிப்போச்சுன்னா இனிமே பொண்ணே பாக்கவேண்டாம்னு சொல்லிப்போட்டானுங்க. நீங்க கூட வந்து அந்தச் சாவிய மட்டும் வாங்கி வெச்சுக்கங்க, அம்மிணி."

ஜெர்சி வாங்க வந்தவளைச் சாவிக்குக் காவல் வைக்கிறார்கள். அந்தச் சாதத்தைத் தின்றுவிட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

அடுத்த நாள் துணி பார்க்க முதலிபாளையத்துக்குப் போனோம். வழியில் ஒரு சண்டை பார்த்தேன். துணிக்கழிவு மூட்டையைத் தலைக்கு மேல் அடுக்கிய மொபெட்டும் ஒரு ஆட்டோவும் உரசிக்கொண்டன. "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்றார் மொபெட்காரர். "கண்ணு தெரியுதுங்க, உங்க மூட்டைல நீங்கதானுங்க தெரியல" என்றார் ஆட்டோக்காரர். இருவருக்கும் நரம்பு புடைத்திருந்தது. ஆனால் 'ங்க' மட்டும் குறையவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் ஸ்டீயரிங் பூட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கியிருப்பார்கள்.

தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி வாசலை அடைத்துக்கொண்டு, சாயம் போட்ட துணி உருளைகளோடு ஒரு குட்டியானை வண்டி நின்றது. பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. டிரைவர் பையன் வடக்கே பீகாரிலிருந்து வந்தவன். சாவி உள்ளே. குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எப்படிப்பா பூட்டிக்கொண்டாய் என்று குமரேசன் விசாரித்தார். பையன் ஹிந்தியில் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார். "ஊரில் இருந்தபோது நான் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன். இங்கே கேட் காவல்காரர் வயசானவர், என்னைக்கூட 'வாங்க சாமி' என்றுதான் கூப்பிடுகிறார். அவர் எழுந்து வந்து கதவைத் திறக்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? இறங்கி வணக்கம் சொன்னேன். இறங்கும்போது விரல் பூட்டில் பட்டுவிட்டது போல, காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கிள்ளானில் எல்லோரும் சாவியை உள்ளே விடுவது அவசரத்தில். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, ஆபீசுக்கு நேரமாச்சு. இந்த ஊரில் சாவியை உள்ளே விடுவது மரியாதையில். இறங்கு, ஓடு, அடுத்தவருக்குக் கதவைத் திற, பையை வாங்கு, கும்பிடு. இவ்வளவுக்கும் இரண்டு கைகளும் வேண்டியிருப்பதால் சாவிக்குக் கை இல்லை.

அந்தக் கதவின் இடுக்கில் மரக்கரண்டி நுழையவில்லை. காற்றடைக்கும் பை இருந்தால் நிமிஷத்தில் முடியும், அது கிள்ளானில் தூங்குகிறது. அப்போதுதான் வேடிக்கை பார்க்க வந்த கம்பெனி நர்ஸின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தேன். "பிபி பார்க்கிற பட்டை இருக்கா? கையால் அமுக்கிக் காற்றடிக்கிறது?" என்றேன். எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பட்டையை வாங்கி வண்டிக் கதவின் இடுக்கில் சொருகி, பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தேன். கதவு விரல் அகலத்துக்கு விலகியது. டீக்கடைக் கம்பி குமரேசன் காரிலேயே இருந்தது, மாஸ்டர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். நர்ஸுக்கு என் வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. "நூத்தம்பதுல தொறந்துருச்சுங்க!" என்று முள்ளைப் பார்த்து அறிவித்தார்.

அதற்கப்புறம் பேச்சு பரவிவிட்டது. ஜெர்சிக்கு அளவு பார்க்க உட்கார்ந்தால் வாசலில் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். ஒரு பால் வண்டி, ஒரு பள்ளிக்கூட வேன், யாரோ ஒருத்தருடைய மாமனாரின் கார். எல்லோரும் வரக்காப்பி வாங்கித்தந்தார்கள், எல்லோரும் "உங்களுக்குச் செரமமுங்க" என்றார்கள். நடுநடுவே ஜெர்சியும் நடந்தது. எங்கள் குழுப் பெண்களின் அளவுச் சீட்டைப் பார்த்த குமரேசன் நெடுநேரம் யோசித்தார். "கொஞ்சம் எச்சாவே தெச்சுறலாமுங்க, மேளம் அடிக்கறப்ப காத்தோட்டமா இருக்கும்" என்றார். நாங்கள் குண்டு என்பதை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை வந்தது. குமரேசன் புதுச்சட்டையில் மரக்கட்டை மாதிரி வண்டி ஓட்டினார். "ரெண்டாவது சாவி வீட்டில்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டனுங்க."

"பீரோ சாவி?"

"இதா, இதே வளையத்துலதானுங்க" என்று ஸ்டீயரிங்கின் கீழே தொங்கிய கொத்தைக் காட்டினார். கத்துவதற்கு அது நல்ல நாள் இல்லை.

அவிநாசிபாளையத்தில் பெண் வீட்டு வாசலில் நின்றதும் குமரேசன் இன்ஜினை அணைத்தார், இறங்கினார், பூட்டினார், சாவிக்கொத்தை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். "இனி இது என் பையை விட்டு வெளியே வராது" என்றேன். அவர் அம்மா எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

தேங்காய்ப்பாலில் சந்தகை என்கிற இடியாப்பம், ஒப்பிட்டு என்கிற போளி, வாழைப்பழம் என்று வரிசையாக வந்தது. பெண்ணின் அப்பா கலகலப்பான மனிதர். தோட்டத்து முருங்கை, தன் பிபி மாத்திரை, வேலி தாண்டி வரும் மயில்கள், எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். பெண் பெயர் மேகலா. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடிக்கும் வேலை. காப்பித் தட்டோடு வந்தவள் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். என் ஜாக்கெட்டில் பிரிந்திருந்த தையலை இவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

எதிரே உட்கார்ந்து, "உங்க கம்பெனில ரிஜெக்சன் எச்சா வருதுங்களா?" என்று கேட்டாள். என் காலத்தில் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள்.

குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வருதுங்க. கழுத்துப் பட்டிலதான் அடிக்கடி போகுதுங்க. மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது."

அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குமரேசனுக்கோ காதெல்லாம் சிவந்துவிட்டது. இந்தப் பெண் இல்லை என்று சொன்னால் மனுஷன் உடைந்துபோவான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பொண்ணு பாக்கறதுன்னதும் ஞாபகம் வருதுங்க. தாராபுரம் பக்கம் ஒரு மாப்ள, சாவிய உள்ளார வெச்சுப் பூட்டிப்போட்டு, பொண்ணூட்லயே மத்தியானச் சோறும் தின்னு, பொழுதோட பலகாரமும் தின்னுபோட்டுத்தான் போனாராமுங்க! சாவிக்காரப் பையன்னு பேராமுங்க!"

எனக்கு ஒப்பிட்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது. குமரேசனின் அம்மா சுவரில் இருந்த முருகன் படத்தையே பார்த்தார். குமரேசன் சிரிக்க முயன்றார். அதைச் சிரிப்பு என்று சொல்லமுடியாது.

"போயிட்டு வர்றமுங்க" என்று எழுந்தோம். பதில் பின்னால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். வாசலுக்கு வருவதற்குள் மேகலாவின் அம்மா என் கையில் ஒரு கட்டு முருங்கைக்காயைத் திணித்தார். மறுகையில் ஒரு சம்படம் ஒப்பிட்டு. இடுப்பில் இடுக்கிக்கொள்ள இளநீர் இரண்டு. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னும் ஒரு பை வந்தது. கடல் கடந்து வந்த விருந்தாளியாம். சாவியை எடுத்து டிக்கியைத் திறந்தேன், சாவியை ஒழுங்காகப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன், இளநீரை உருளாமல் வைத்தேன், முருங்கைக்காயைச் சாய்த்து வைத்தேன். மேகலாவின் அம்மா கடைசியாக இரண்டு கைகளையும் கூப்பினார். பதிலுக்குக் கும்பிடாமல் இருக்கமுடியுமா? கைப்பையை இளநீருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிக்கியைச் சாத்தினேன், பிறகு இரண்டு கைகளையும் கூப்பினேன்.

டக்.

கார்க் கதவுகள் பூட்டித்தான் இருந்தன. டிக்கியும் பூட்டிக்கொண்டது. சொன்ன சொல் தவறவில்லை, டிக்கியைத் திறந்த அந்த ஒரு நொடியைத் தவிர சாவி என் பையை விட்டு வெளியே வரவில்லை.

இத்தனை வருஷத் தொழிலில் நான் ஒரு தடவைகூடச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியதில்லை. குமரேசன் கையை நீட்டினார், என் முகத்தைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. அவர் நிறமே மாறியது.

"என்னங்க தம்பி, கெளம்பலீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். "இல்லைங்க, அது வந்து..."

"சாவிய உள்ளார வெச்சுப் பூட்டிப்போட்டனுங்க" என்றார் குமரேசன். "நாந்தானுங்க."

பெரியவரின் சிரிப்பு மெதுவாக நின்றது. அவர் காரைப் பார்த்தார், குமரேசனைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி... அந்தத் தாராபுரத்துப் பையன்..."

"அதுவும் நாந்தானுங்க."

குமரேசனின் அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். குமரேசன் என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல், "ஒறம்பரையா, விருந்தாளியா வந்தவங்கள எல்லாரும் வேடிக்க பாக்கவாங்க, உடுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே ஆத்திரமும் வந்தது, என் மேல்தான்.

சரி, அழுது என்ன ஆகப்போகிறது? கதவைத் திறப்போம். டீக்கடைக் கம்பி காருக்குள்ளே இருந்தது. பெரியவரின் பிபி மெஷினைக் கேட்டேன். அது தானாகக் காற்றடிக்கும் புதுவகை. பட்டையைக் கதவு இடுக்கில் சொருகிப் பொத்தானை அழுத்தினால், உப்பியது, கதவு விலகியது, கொஞ்ச நேரத்தில் பிழை என்று காட்டிவிட்டுப் புஸ்ஸென்று இறங்கியது. "கதவுக்கு நாடி இல்லீங்க போல" என்றார் பெரியவர் கவலையாக. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தர் மரத்திலிருந்து நீள முருங்கைக்காய் ஒன்றைப் பறித்து விட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். விட்டுப் பார்த்தோம். பாதி முருங்கைக்காய் இன்னும் அந்தக் காரின் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

"குழாய மடிச்சுப் புடிச்சா காத்து எறங்காதுங்களே" என்று பின்னால் ஒரு குரல். மேகலா. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து குந்தினாள். உப்பியதும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். துணி காயப்போடும் கம்பியை அவளே அவிழ்த்து, இரட்டையாக முறுக்கி நுனியை வளைத்துக் கொடுத்திருந்தாள். நான் கம்பியை விட்டுத் துழாவினேன். துழாவிக்கொண்டே இருந்ததில் வாய் சும்மா இருக்கவில்லை.

"தாராபுரத்துலகூட அவரு மேல தப்பு இல்லமா. விரல்தான். அடுத்தவங்களுக்குக் கதவு திறக்க ஓடுற அவசரத்துல விரல் தானாப் பூட்டை அமுக்கிடும்."

"ம்" என்றாள்.

பூட்டு எழும்பியது. உள்ளே கையை விட்டு டிக்கி திறக்கும் லீவரை இழுத்தேன். டிக்கி திறந்தது. இளநீருக்குப் பக்கத்தில், ஒப்பிட்டுச் சம்படத்தின் மேல் சாய்ந்துகொண்டு, என் சிவப்புக் கைப்பை எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் அதைப் பார்த்தார். "இது இவங்க பையில்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "நான்தான் வச்சேன். நான்தான் மூடினேன். இந்த ஆளு என்னைப் பேசவே விடல."

"தெரியுமுங்க அக்கா" என்றாள் மேகலா, கையிலிருந்த துருவைத் தட்டியபடி. "ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் ஏன் கண்ணு சொல்லல?" என்றார் அப்பா.

"இவரு என்ன சொல்றாருன்னு பாக்கலாம்னுதானுங்கப்பா."

குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேகலா என் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள், அதிலிருந்து பீரோ சாவியை மட்டும் கழற்றி அவர் அம்மாவிடம் கொடுத்தாள். "அத்த, பீரோவுல இருக்கற ரெண்டாவது கார் சாவிய எனக்கு அனுப்பி வெச்சுருங்க. அது எங்கிட்ட இருக்கட்டும்."

குமரேசனின் அம்மா 'அத்தை' என்ற சொல்லைக் கேட்டதும் வாசற்படியிலிருந்து ஒரே துள்ளலாக எழுந்துவிட்டார். பெரியவர் தன் பிபி மெஷினைக் காரிலிருந்து பிடுங்கிக் கையில் கட்டிக்கொண்டு, "அப்ப மாப்ள, நாள் பாத்துறலாமுங்களா?" என்றார்.

குமரேசன் தலையை மட்டும் எல்லாப் பக்கமும் ஆட்டினார். பிறகு போய் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார், எனக்காக ஏசியைப் போட்டார். நிமிர்ந்து பார்த்தவர், நான் இரண்டு கைகளும் நிறைய, மேகலாவின் அம்மா மறுபடி திணித்த முருங்கைக்காயோடு பின்கதவருகே நிற்பதைக் கண்டு பதறிப்போனார். "நீங்க தொறக்காதீங்க, நான் தொறக்கறேன்!" என்று குதித்து இறங்கினார்.

"விரலு!" என்று வாசல் கேட் பக்கத்திலிருந்து ஒரு கத்தல் வந்தது.

மேகலாதான். குமரேசனின் விரல் பூட்டுக்கு மேலே அப்படியே நின்றது.